ஆளுக்கு முந்தி வந்த சப்பாத்து

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். லண்டன் செவன் கிங்ஸில் இருக்கிற எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போனதற்கு முழுக் காரணமும் நான்தான். ஒரு கதையை ஒருமுறை சொன்னால் கேட்பார்கள். இரண்டாம் முறை சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். நான் என் சுவிஸ் கதையைப் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். விருந்தாளி வந்தால் விருந்தாளிக்கு, வராவிட்டால் வீட்டாருக்கு.

கதை இதுதான். லண்டனுக்கு வருவதற்கு முன் நான் சுவிஸில் அகதி. ஒரு மலைக்கிராமத்து ஹோட்டலில் கோப்பை கழுவுகிற வேலை. அங்கே தலைமைச் சமையல்காரராக இருந்த கிழவர் ஒருவர் விடுமுறை நாட்களில் என்னை மலைக்குக் கூட்டிப் போவார். இரண்டு கோடையில் ஒன்பது மலை ஏறினேன். இது சத்தியம். பிறகு வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கல்யாணம், குழந்தை, லண்டன், ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடை என்று வாழ்க்கை தட்டையாகிவிட்டது. அதன்பிறகு இருபது வருடத்தில் நான் ஏறிய ஆக உயரமான இடம், கடையில் மேல்தட்டு அப்பளப் பெட்டிகளை எடுக்க வைத்திருந்த ஏணி.

ஆதாரம் என்று என்னிடம் இருந்தது ஒரே ஒரு படம். ஒன்பதாவது மலையில் எடுத்தது. துரதிர்ஷ்டவசமாக அன்றைக்கு மலை முழுக்கப் பனிமூட்டம். படத்தில் நானும் எனக்கு முன்னால் வந்து நின்ற ஒரு மாடும் மட்டும்தான் தெரிந்தோம். (மாடு என்னைவிடத் தெளிவாக.) அந்தப் படமும் வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்துபோனது. என் மனைவி மலர் என்னைக் கல்யாணம் செய்துகொண்டு சுவிஸுக்கு வந்தபோது நான் சமதரையில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் இருந்தேன். ஆகவே அவள் கண்டது சலவைக்காரனைத்தான், மலைக்காரனை அல்ல.

"மலை ஏறினவராம். மாட்டோட நிண்டு ஒரு படம் எடுத்தவர். அதைத்தான் சொல்லுறார்," என்று விருந்தாளிகளுக்கு முன்னால் விளக்கம் கொடுப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் மகள் துளசி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கே மலை நடப்பவர்களின் சங்கம் ஒன்றிலும் சேர்ந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. எனக்கு நாற்பத்தேழு, டொக்டர் அந்த மாதம்தான் சீனி கொஞ்சம் கூட என்று சொல்லியிருந்தார். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில், நான் நாலாவது மலையில் பாறை சறுக்கிய கட்டத்துக்கு வந்தபோது, துளசி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, ஸ்கொட்லாந்தில ஒரு மலை இருக்கு. நான் போனனான். சரியான ஸ்டீப். நீங்க ரியலி ஏறினனீங்கள் எண்டா என்னோட வாங்கோ."

நான் புட்டை விழுங்கினேன். "வாறன்," என்றேன்.

மலர் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காதபோதுதான் நான் பயப்படுவது வழக்கம். "சரி, போங்கோ," என்றாள். "ஆனா ஒரு நிபந்தனை. உங்கட சொந்தக் காலால ஏறி, சொந்தக் காலால இறங்கவேணும். அப்பிடிச் செய்தா நான் இனி வாய் திறக்கமாட்டன். பாதியில திரும்பி வந்தா, சாகுமட்டும் இந்த வீட்டில சுவிஸ் எண்ட சொல்லை எடுக்கப்படாது."

"டீல்," என்றாள் துளசி, என்னைக் கேட்காமலே.

பின்வாங்குகிற எண்ணம் எனக்கு வரவில்லை. அந்த இரண்டு கோடையும்தான் என் இளமையில் நானாக ஆசைப்பட்டுச் செய்த ஒரே காரியம். மற்ற எல்லாம் பயத்தில் ஓடியது, அல்லது பிழைப்புக்காகச் செய்தது. அதையும் பொய் என்று எழுதிவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

பயிற்சியை அடுத்த நாளே தொடங்கினேன். கிழக்கு லண்டன் தோசைக்கல்லைப் போலத் தட்டையானது. மலைக்கு எங்கே போவது? ரயில் நிலையப் படிகள்தான். பத்துக் கிலோ அரிசி மூட்டையை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிற கூட்டம் குறைந்ததும் ஏறி இறங்கினேன். மூன்றாம் நாள் நிலைய ஊழியர் வந்து, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று அன்பாகக் கேட்டார். "ஓம், இருபது வருசம்," என்று சொல்ல நினைத்தேன். ஆங்கிலத்தில் "இல்லை" என்றுதான் சொன்னேன்.

புதிதாக மலைச் சப்பாத்தும் வாங்கினேன். கணுக்காலுக்கு மேலே வருகிற, கனமான, பழுப்பு நிறச் சப்பாத்து. வாங்கிய அன்றே கறுப்பு மார்க்கர் பேனாவால் அதன் நாக்கின் உட்புறத்தில் "பஞ்சு" என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதினேன். (முழுப்பெயர் பஞ்சலிங்கம். அதற்கு இடம் போதவில்லை.) கோயில் வாசலில் மூன்று முறை சப்பாத்துத் தொலைத்தவன் நான், ஒருமுறை இரண்டும் இடக்காலாக இருந்த ஒரு சோடியோடு வீடு வந்தவன். அதற்குப் பிறகு காலில் போடுகிற எதிலும் பெயர் எழுதாமல் விடுவதில்லை. எழுதிய பின் அழுக்குப்படக் கூடாது என்று அதைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். புதுச் சப்பாத்தைப் போட்டுப் பழக்காமல் மலைக்குப் போகக் கூடாது என்று அந்தச் சுவிஸ் கிழவர் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார். எனக்கு அது ஸ்கொட்லாந்தில்தான் ஞாபகம் வந்தது.

எங்களைக் கூட்டிப் போனவன் ரஞ்சன். மலரின் தம்பி, ஜெர்மனியில் இருந்து வந்து லண்டன் எட்மண்டனில் இருக்கிறான், குழாய் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் எதைக் கண்டாலும் அதன் ஆகக் கெட்ட முடிவுக்கு முதலில் போய் உட்கார்ந்துகொள்வான். தொலைபேசி மணி அடித்தாலே சாவுச் செய்திதான் என்று "ஆர் மோசம் போனது?" என்று கேட்டபடி எடுப்பவன்.

வெள்ளிக்கிழமை விடியப் புறப்படும்போது மலர் காருக்குள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போதுமான சாப்பாட்டை ஏற்றினாள். ரொட்டி, கட்டைச் சம்பல், மட்டன் ரோல், இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணீர். கடைசியாக, துவாயில் சுற்றிய உருண்டையான ஒன்றை என் மடியில் வைத்தாள்.

"என்னது?"

"தேங்காய். பிள்ளையாருக்கு நேந்திருக்கிறன். உச்சியில போய் உடையுங்கோ."

"மலர், அது மூவாயிரம் அடி."

"அரிசி மூட்டை காவினனீங்கள்தானே? அதைவிடப் பாரமே இது?"

(பயிற்சியை அவளுக்குத் தெரியாமல் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன்.)

மறுநாள் காலை எட்டு மணிக்கு மலையடிவாரத்தில் நின்றோம். மலையின் பெயரை என்னிடம் கேட்காதீர்கள். அதில் பதினாறு எழுத்து இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் நாலை மட்டும்தான் உச்சரித்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் செங்குத்து. சுவிஸ் மலைகள் வளைந்து வளைந்து கொஞ்சம் மரியாதையாகக் கூட்டிப் போகும். இது காருக்குப் பக்கத்திலேயே தொடங்கி நேரே வானத்துக்குப் போனது.

"அத்தான், நான் கீழ நிண்டு பாக்கிறன்," என்றான் ரஞ்சன். ஆசனத்தைப் பின்னுக்குச் சாய்த்து, மட்டன் ரோல் பொதியை மடியில் வைத்துக்கொண்டான். அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. கொஞ்சத் தூரத்தில் ஒரு சின்ன விடுதியும், அதன் வாசலில் ஒரு சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் இருந்தன.

பாதை ஒரு மரப்படலையில் தொடங்கியது. படலையின் தூணில் யாரோ ஒரு குழந்தையின் கம்பளிக் கையுறையைச் செருகியிருந்தார்கள். இது என்ன சடங்கு என்று துளசியைக் கேட்டேன்.

"ஆரும் துலைச்சது அப்பா. வழியில கண்டா இப்பிடிக் கொண்டுவந்து வைப்பினம். திரும்பி வரேக்க எடுத்துக்கொண்டு போகலாம்."

நல்ல பழக்கம் என்று நினைத்தபடி படலையைத் திறந்தேன். அடுத்த சில நிமிடங்கள் நான் எப்படி நடந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே போகிற வேகத்தில்தான் நடக்கவேண்டும் என்பது கிழவரின் இரண்டாவது பாடம். நானோ ரயிலைப் பிடிக்கிறவன் போல நடந்தேன்.

"அப்பா, ஸ்லோவாப் போங்கோ."

"நீ பின்னால வா பிள்ளை. மலையில எப்பிடி நடக்கிறதெண்டு பார்."

அவள் பார்த்தாள். இருபதாவது நிமிடம் நான் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்தாள். அப்போது எழுபது வயதிருக்கக்கூடிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, இரண்டு கையிலும் ஊன்றுகோலும் பக்கத்தில் ஒரு கறுப்பு நாயுமாக எங்களைத் தாண்டிப் போனார். அருமையான காலை என்றார். பதில் சொல்ல ஆசைதான். மூச்சுக்கு வேறு வேலை இருந்தது. நாய் மட்டும் நின்று என் பையில் இருந்த தேங்காயை முகர்ந்துவிட்டுப் போனது.

பதினொரு மணிக்கு இரண்டு குதிக்காலிலும் தோல் உரிந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்குப் பாறைகள் தொடங்கின. கையையும் ஊன்றித்தான் ஏறவேண்டும். ஒரு பாறையில் குந்தினேன், எழும்ப ஏலவில்லை. கீழே எங்கள் கார் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. துளசி என் முன்னால் குந்தியிருந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் அப்படி நேருக்கு நேர் என்னைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது என்று தோன்றியது.

"அப்பா, திரும்புவம். டொப்புக்குப் போனம் எண்டு நான் அம்மாட்டச் சொல்லுறன். ப்ரொமிஸ்."

எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது அழுகை. பெற்ற பிள்ளை எனக்காகப் பொய் சொல்லத் தயாராக இருக்கிறாள். அவ்வளவு பாவமாக என்னைப் பார்க்கிறாள்.

"எனக்காகப் பொய் சொல்லாத பிள்ளை," என்றேன். "நான் சொன்ன உண்மையையே ஒருத்தரும் நம்பேல்லை. இனிப் பொய் வேறயோ?"

எழும்பினேன். அதற்குப் பிறகு நான் ஏறியது காலால் என்று சொல்லமாட்டேன். பல்லால் ஏறினேன் என்று சொல்லலாம். இருபது அடி, நிற்பது. இருபது அடி, நிற்பது. துளசி எனக்குக் கீழே ஒரு கை தூரத்தில் வந்தாள், விழுந்தால் பிடிப்பதற்காக. (எண்பது கிலோவை நாற்பத்தெட்டுக் கிலோ பிடிப்பதாம்!)

ஒன்றரை மணிக்கு உச்சி. கற்களை அடுக்கி ஒரு குவியல். அதைச் சுற்றி ஒரு சின்ன மேடை அளவு இடம். அதற்கப்பால் எல்லாப் பக்கமும் வானம். அந்தப் பெண்மணி கற்குவியலில் சாய்ந்து சான்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கை தட்டினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் தட்டினால் நல்லது என்றும் இருந்தது.

பையைத் திறந்து தேங்காயை எடுத்தேன். துவாயை விரித்தேன். பிறகு குந்தியிருந்து சப்பாத்து நூலை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"அப்பா, என்ன செய்யுறீங்க? பூட்ஸைக் கழட்டாதீங்க! கால் வீங்கியிருக்கும். திருப்பிப் போடேலாது!"

"சப்பாத்தோட தேங்காய் உடைக்கிறதோ? உன்ர கொம்மா நேந்தது."

"அப்பா, ப்ளீஸ்."

"ரெண்டு நிமிசம்."

இந்த இடத்தில்தான் என் மூளை என்னை விட்டுப் போனது. கோயில் வாசலில் வைக்கிற மாதிரி, இரண்டு சப்பாத்தையும் சோடியாகச் சேர்த்து, மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். கொஞ்சம் தள்ளி என்றால் மேடையின் விளிம்பில். பிறகு காலுறையோடு நின்று, கண்ணை மூடிப் பிள்ளையாரை நினைத்து, தேங்காயை ஒரு பாறையில் ஓங்கி அடித்தேன்.

தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம். ஒரு பாதி நாயிடம் போனது. மற்றப் பாதி துள்ளி விளிம்பை நோக்கி ஓடியது. மலரின் நேர்த்தித் தேங்காய், விடுவேனா? பாய்ந்தேன். தேங்காயைப் பிடித்துவிட்டேன். ஆனால் பாய்ந்த வேகத்தில் என் கால் எதையோ இடித்தது.

வலது சப்பாத்து ஒரு கணம் விளிம்பில் யோசித்தது. பிறகு போனது. முதலில் உருண்டது, பிறகு குதித்தது, ஒவ்வொரு பாறையிலும் பட்டு இன்னும் உயரமாகக் குதித்தது. நாங்கள் மூவரும் வரிசையாக நின்று பார்த்தோம். மிகத் தூரத்தில் ஒரு பழுப்புப் புள்ளியாகி, பாதை வளைகிற இடத்துக்குப் பக்கத்தில் மறைந்தது. நாய் தேங்காய் சாப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பெண்மணிதான் முதலில் பேசினார். தன்னுடைய கார் மலையின் மறுபக்கத்தில் நிற்பதாகவும், தான் அந்த வழியாக இறங்கி மீட்புக் குழுவுக்குச் சொல்வதாகவும், அவர்கள் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றும் சொன்னார். தூக்கிக்கொண்டு! "உங்கட சொந்தக் காலால இறங்கவேணும்" என்ற மலரின் குரல் காதில் கேட்டது.

"நன்றி. நான் நடப்பேன்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஊன்றுகோல் ஒன்றை நீட்டி, இறங்கியதும் விடுதியில் கொடுத்துவிடுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன் என்றார். நாயைக் கூட்டிக்கொண்டு மறுபக்கத்தால் போய்விட்டார்.

இடது சப்பாத்துக்குள் காலைத் திணிக்கப் பத்து நிமிடம் பிடித்தது. வலது காலுக்குத் துளசி வைத்தியம் பார்த்தாள். மாற்றுக் காலுறை இரண்டைப் போட்டு, அதன்மேல் தேங்காய் சுற்றிய துவாயைச் சுற்றி, அதன்மேல் எங்கள் கடைப் பை இரண்டைப் போட்டு, தன் தலைமயிர் கட்டுகிற ரப்பர் வளையங்களால் இறுக்கினாள். என் வலது கால் முழுக்கக் கடையின் பெயர் பெரிதாகத் தெரிந்தது. ஸ்கொட்லாந்து மலையொன்றில் விளம்பரம் செய்த ஒரே ஃபாரஸ்ட் கேட் பலசரக்குக் கடை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இறங்கத் தொடங்கினோம். இங்கே ஒன்று நடந்தது. ஏறும்போது மறந்ததையெல்லாம் இறங்கும்போது என் உடம்பு தானாகவே ஞாபகப்படுத்திக்கொண்டது. மலைக்குப் பக்கவாட்டாகத் திரும்புவது. முழங்காலைக் கொஞ்சம் மடித்து வைத்திருப்பது. ஒரு கால் உறுதியாக நின்ற பிறகே மற்றதை எடுப்பது. நேரே இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாகப் போவது. துவாய்க் காலை மலைப்பக்கம் வைத்து, கோலைப் பள்ளத்துப் பக்கம் ஊன்றி, நான் ஒருமுறைகூடச் சறுக்காமல் இறங்கினேன். துளசி இரண்டு முறை சறுக்கினாள். மூன்றாம் முறை சறுக்கப்போனபோது நான் அவள் கையைப் பிடித்தேன்.

"இப்பிடி நேர வராத. பக்கவாட்டில வா. குதிக்காலை ஊண்டாத, முழுப் பாதத்தையும் வை."

அவள் அப்படியே செய்தாள்.

"அப்பா, இது உங்களுக்கு ஆர் பழக்கினது?"

"சுவிஸில, அந்தச் சமையல்காரக் கிழவர்."

அவள் சிரிக்கவில்லை. "ஓகே," என்றாள், மிக மெதுவாக. எனக்குக் குதிக்கால் வலி பாதி குறைந்தது.

ஐந்து மணி தாண்டியிருக்கும். அடிவாரத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தபோது, கீழேயிருந்து ஒரு உருவம் தள்ளாடித் தள்ளாடி வந்தது. ரஞ்சன். ரப்பர்ச் செருப்போடு, வியர்த்து வழிய, வாழ்க்கையில் முதல்முறையாக மலை ஏறிக்கொண்டிருந்தான். நெஞ்சோடு அணைத்து எதையோ பிடித்திருந்தான். என் வலது சப்பாத்து.

என்னைக் கண்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். "அத்தான்! உயிரோட இருக்கிறியளே!"

"இருக்காமல்? அது எங்க கிடந்தது?"

விக்கி விக்கிச் சொன்னான். மூன்று மணியளவில் இரண்டு பெடியள் மலையில் இருந்து இறங்கி வந்திருக்கிறார்கள். அவர்கள்தான் வழியில் கிடந்த சப்பாத்தைக் கொண்டுவந்து, அந்த ஊர்ப் பழக்கப்படி படலைத் தூணில் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கவேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கால் நீட்ட இறங்கியவன் அதைக் கண்டு எடுத்துப் பார்த்தால், உள்ளே தமிழில் பஞ்சு. படலையில் ஏன் வைப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. காலில் இருந்த சப்பாத்து தனியாக வருகிறதென்றால் காலுக்கு என்ன ஆனது? அவன் வழக்கம்போல ஆகக் கெட்ட முடிவுக்குப் போனான். சிவப்புக் கூண்டுக்கு ஓடினான். கையில் இருந்ததே ஒரு சில்லறைக் காசு. செவன் கிங்ஸுக்கு அடித்தான்.

"என்னடா சொன்னனீ?"

"அக்கா, அத்தானின்ர சப்பாத்து வந்திட்டுது. ஆள் இன்னும் வரேல்லை எண்டு."

"பிறகு?"

"பிறகு காசு முடிஞ்சு கட்டாப் போச்சுது, அத்தான்."

நான் மிச்ச மலையை எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. அந்த வேகத்தில் ஏறியிருந்தால் பதினொரு மணிக்கே உச்சியில் நின்றிருப்பேன். விடுதியில் ஊன்றுகோலைக் கொடுத்து, நோட்டை மாற்றிச் சில்லறை வாங்கி, மூன்று பேரும் அந்தக் கூண்டுக்குள் நெருக்கியடித்து நின்று வீட்டுக்கு அடித்தோம். ஒரு ஆண்குரல் எடுத்தது. எனக்குப் பழக்கமில்லாத, கனமான குரல்.

"வணக்கம். ஆர் கதைக்கிறது?"

"நான் பஞ்சலிங்கம்."

"தம்பி, அவர் மோசம் போயிட்டாராம். வீட்டில ஆக்கள் நிறைய. நீங்கள் பிறகு எடுங்கோ," என்று சொல்லி வைத்துவிட்டார்.

கையில் தொலைபேசியோடு நின்றேன். துளசி சிரிக்கத் தொடங்கி, பிறகு அழத் தொடங்கினாள். திரும்ப அடித்தேன். இந்த முறை எடுத்தது ரஞ்சனின் மனைவி, எட்மண்டனில் இருந்து வந்திருந்தாள் போலும். அவள் ஹலோ என்று சொல்வதற்கு முன்னமே, பின்னால் மலரின் குரல் கேட்டது. அழுது அழுது அடைத்துப்போன குரல். சுற்றியிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மலையில விழுற மனிசன் இல்லை இவர்! சுவிஸில ஒன்பது மலை ஏறின மனிசன்! ஒன்பது! பனிக்குள்ள, மழைக்குள்ள, பாறை சறுக்கேக்கையும் விழாத மனிசன்! அவருக்குத் தெரியாத மலையோ?"

பதினைந்து வருடமாக அவள் காதில் வாங்கவில்லை என்று நினைத்த கதை முழுவதும், நாலாவது மலையின் பாறை உட்பட, அவளிடம் ஒரு சொல் குறையாமல் இருந்தது.

"அப்பா, கதையுங்கோ! அம்மா பாவம்!" துளசி என் தோளில் குத்தினாள்.

"பொறு பிள்ளை. ஒரு நிமிசம். அவ சொல்லி முடிக்கட்டும்."

(இதற்காக எனக்கு நரகம் கிடைத்தால் போவதற்குத் தயார். ஆனால் உண்மையில் அது ஒரு நிமிடம்கூட இல்லை. பத்து விநாடி இருக்கும். அதற்குமேல் அவள் அழுகையைக் கேட்க எனக்கும் தைரியம் இருக்கவில்லை.)

"மலர், நான்தான்," என்றேன். "இறங்கியாச்சு. என்ர சொந்தக் காலால."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். பிறகு யாரோ கத்தி எல்லோரையும் அடக்கினார்கள். பிறகு அவள் மூச்சு மட்டும் நெடுநேரம் கேட்டது. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"தேங்காய் உடைச்சியளோ?"

"ஓம்."

"சப்பாத்தை ஏன் கழட்டினனீங்கள்?"

"சப்பாத்தோட உடைக்கிறதோ?"

கொஞ்சம் யோசித்தாள். "அதும் சரிதான்," என்றாள். அதற்குப் பிறகுதான் ஏச்சுத் தொடங்கியது. போட்ட காசு முடியுமட்டும் ஏசினாள். நான் ஒரு சொல்லையும் தடுக்கவில்லை.

ஞாயிறு மாலை வீடு வந்து சேர்ந்தேன். செத்தவன் திரும்பி வந்தால் எப்படி வரவேற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கவலையோடு வந்தவர்கள், வந்தது வீண் என்று கொஞ்சம் கோபமாக இருப்பார்கள். ஒரு பெரியவர், சனிக்கிழமை வேலை ஷிப்டை விட்டுவிட்டு ஓடிவந்ததாக முகத்துக்கு நேரே சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். கடையில் நின்ற பெடியன் ஷட்டரை இழுத்துவிட்டு, "துக்கம் காரணமாகக் கடை பூட்டு" என்று எழுதி ஒட்டியிருந்தான். திங்கட்கிழமை அதைக் கிழிக்கப் போனபோது, கீழே யாரோ ஒரு வாடிக்கையாளர் பூச்செண்டு வைத்திருந்தார். நல்ல பூ. எடுத்துக்கொண்டு போய் மலரிடம் கொடுத்தேன்.

ஆனால் என்னை அசைத்தது அது எதுவும் இல்லை. ஞாயிறு மாலை, எல்லோரும் போனபிறகு, விறாந்தையில் ஒரு சின்ன மேசை இருந்ததைக் கண்டேன். மேலே ஒரு வெள்ளைத் துணி. அணைந்துபோன ஒரு குத்துவிளக்கு. அதன் முன்னால் ஒரு படம். பனிமூட்டம், இருபத்தேழு வயதில் நான், எனக்கு முன்னால் ஒரு மாடு.

"இது துலைஞ்சதெல்லோ?" என்றேன்.

மலர் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "என்ர கூறைச்சீலைக்குக் கீழ இருந்தது," என்றாள். "நீங்கள் கண்ட இடத்தில போட்டுத் துலைச்சுப்போடுவியள் எண்டு நான் எடுத்து வைச்சனான்."

"அப்ப நீ நம்பினனீ?"

"மாடு வடிவாயிருக்கு," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டாள்.

அந்தப் படம் இப்போது விறாந்தைச் சுவரில், விளக்கு இல்லாமல், தொங்குகிறது. விருந்தாளிகள் கேட்டால் நான் வாய் திறப்பதில்லை. தேவையும் இல்லை, துளசி சொல்கிறாள், மலர் திருத்துகிறாள். "எட்டில்லை பிள்ளை, ஒன்பது." நானும் துளசியும் அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு மலை ஏறினோம், ஒவ்வொரு முறையும் மலர் தேங்காய் கட்டித் தந்தாள், கூடவே சப்பாத்து இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு கயிறும்.

ரஞ்சனின் அந்தத் தொலைபேசி வசனம் மட்டும் பகிடியாகி, இன்றுவரை போகவே இல்லை. நான் எங்கே பிந்தினாலும் அது எனக்கு முன்னால் போய் நிற்கும். துளசியின் கல்யாணத்தன்று கார் நிறுத்த இடம் தேடி நான் அலைந்தபோது, ஐயர் பெண்ணின் தகப்பன் எங்கே என்று கேட்க, ரஞ்சன் மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில் அதையே சொன்னானாம். இரண்டு பக்கச் சனமும் சிரித்து முடிந்த பிறகுதான் நான் மூச்சிரைக்க உள்ளே ஓடினேன்.

இப்போதும் கடை பூட்டி வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் பின்பக்கம் போய்க் கொஞ்சம் இருப்பேன். குசினிக்குள் இருந்து மலரின் குரல் வரும்.

"சப்பாத்து வந்திட்டுது. ஆள் இன்னும் வரேல்லையோ?"

"வந்திட்டன்," என்று நான் உடனே குரல் கொடுத்துவிடுவேன். ஒரு விநாடிகூடப் பிந்துவதில்லை.